சான்டோ ஸ்டெஃபானோவில் மூன்று இரவுகள்: கோட்டைக்குக் காரில் போகாதீர்கள், நடந்து போங்கள்

ரோமிலிருந்து காலையில் கிளம்பி, ரோக்கா கலாஷோ கோட்டைக்கு முன்னால் நின்று நாலு படம் எடுத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம் என்று திட்டம் போட்டு வைத்திருந்தால் தயவுசெய்து அதை மாற்றிக்கொள்ளுங்கள். எனக்கும் முதலில் அந்தத் திட்டம்தான் இருந்தது. அம்மாதான், அவ்வளவு தூரம் போய் அன்றைக்கே திரும்புவதற்கு எதற்குப் போக வேண்டும் என்று கேட்டு, கோட்டைக்குப் பக்கத்திலிருக்கும் சான்டோ ஸ்டெஃபானோ டி செஸ்ஸானியோ என்ற ஊரில் மூன்று இரவு தங்க வைத்தார். இத்தாலியில் நாங்கள் சுற்றிய பன்னிரண்டு நாட்களில் எதை மறுபடி பார்க்க ஆசை என்று கேட்டால், இரண்டு பேருமே இந்த ஊரைத்தான் சொல்வோம்.

ஊர் அப்ருட்ஸோ மாநிலத்தில், லாக்விலா நகருக்குக் கிழக்கே, கிரான் சாசோ தேசியப் பூங்காவுக்குள் 1,251 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ரோமிலிருந்து ஏ24 நெடுஞ்சாலையில் வந்தால் சுமார் இரண்டு மணி நேரம். லாக்விலா வரை பேருந்து தாராளமாகக் கிடைக்கும், அதற்கு மேல் மலைக்குப் போகிறவை மிகக் குறைவு, அதனால் கார் வாடகைக்கு எடுக்காமல் வருவது கஷ்டம். இந்திய ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் கையோடு எடுத்து வாருங்கள், இத்தாலியில் அது கட்டாயம். மலைப்பாதை நல்ல பாதைதான். வளைவுகள் உண்டு, பயப்படும்படி எதுவும் இல்லை.

காரை ஊருக்கு வெளியே நிறுத்திவிட வேண்டும். உள்ளே இருப்பதெல்லாம் படிகளும், வீடுகளுக்கு அடியில் குகை மாதிரி நுழைந்து வெளியே வரும் வளைவுக் கூரைச் சந்துகளும்தான். இந்த ஊருக்குத் தனியாக மதில் கிடையாது. ஓரத்து வீடுகளை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி, அவற்றின் பின்சுவரையே ஊரின் மதிலாக்கியிருக்கிறார்கள். குளிர்காலத்தில் பனியும் காற்றும் உள்ளே வராமல் இருப்பதற்கும் அதே ஏற்பாடு உதவுகிறது. முதல் நாள் மாலை சந்துக்குள் நடக்கும்போது வெளியே அடித்த காற்று சட்டென்று நின்றுபோனது, அப்போதுதான் அந்தக் கட்டுமானம் எதற்கு என்று எனக்கு விளங்கியது.

ஊருக்குள் நுழையும் வளைவு வாசலுக்கு மேலே ஒரு குலச்சின்னம் செதுக்கியிருக்கும், அவசரத்தில் தாண்டிப் போய்விடாமல் நிமிர்ந்து பாருங்கள். அது ஃப்ளாரன்ஸ் நகரத்து மெடிசி குடும்பத்தின் சின்னம். வங்கியிலும் கலையிலும் பெயர் பெற்ற அந்தக் குடும்பத்துக்கு, இத்தனை தூரத்தில், நூற்றுச் சொச்சம் பேர் வாழும் இந்த மலையூரில் என்ன வேலை? செம்மறி ஆடுதான் காரணம். 1579-இல் பிக்கொலோமினி குடும்பத்தின் கோஸ்டான்சா என்ற பெண்மணியிடமிருந்து இந்தப் பகுதியை மெடிசிகள் வாங்கினார்கள், 1743 வரை வைத்திருந்தார்கள். இந்த மலை ஆடுகளின் கருமையான, முரட்டுக் கம்பளிக்குக் கார்ஃபான்யா என்று பெயர். துறவிகளின் அங்கிக்கும் படைவீரர்களின் உடைக்கும் அது தேவைப்பட்டது. இங்கே கத்தரித்த கம்பளி டஸ்கனிக்குப் போய்த் துணியாகி ஐரோப்பா முழுக்க விற்றது. ஊரில் நீங்கள் பார்க்கும் அழகான சன்னல் வேலைப்பாடு, கல் வளைவு எல்லாவற்றுக்கும் பணம் கொடுத்தவை அந்த ஆடுகள். இந்த விஷயம் தெரிந்த பிறகு, வரலாறு, இயற்கை என்று இரண்டாகப் பிரித்து இந்த ஊரைப் பார்க்கவே எனக்கு முடியவில்லை.

ஊரின் நடுவே உருளையான ஒரு காவல் கோபுரம் நிற்கிறது, மெடிசி கோபுரம் என்றே அழைக்கிறார்கள். 2009 ஏப்ரல் 6-ஆம் தேதி அதிகாலையில் லாக்விலாவை நொறுக்கி 309 பேரைப் பலிகொண்ட நிலநடுக்கத்தில் அது அடியோடு சரிந்தது. விழுந்த இடத்திலேயே திரும்பக் கட்டி 2021-இல் முடித்திருக்கிறார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் பழைய கல், புதிய கல் வேறுபாடு தெரிகிறது. அதை மறைக்காமல் விட்டது எனக்குப் பிடித்தது. சில வீடுகளில் இன்னும் சாரம் கட்டியிருக்கிறது, படத்தில் அழகாக இருக்காது என்று அதை ஒதுக்கிவிட்டுப் படமெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, தங்குமிடம். இங்கே ஒரே கட்டடமாக நிற்கும் பெரிய விடுதி கிடையாது. 'அல்பெர்கோ டிஃபூசோ' என்ற முறை, அதாவது சிதறிய விடுதி: வரவேற்பு மேசை ஒரு வீட்டில், உங்கள் அறை மூன்று சந்து தள்ளி இன்னொரு பழைய வீட்டில், காலை உணவு வேறொரு இடத்தில். 1976-இல் வடக்கே ஃப்ரியூலியில் நிலநடுக்கம் வந்த பிறகு, காலியாகிப்போன வீடுகளை என்ன செய்வது என்ற யோசனையில் பிறந்த முறை இது. இந்த ஊரில் அதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் டேனியலே கீல்கிரென் என்பவர். 1990-களின் இறுதியில், ஆளில்லாத வீடுகளை வாங்கி, புதுக் கட்டடமே எழுப்பாமல், இருந்ததை இருந்தபடியே செப்பனிட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வீடுகளை அறைகளாக மாற்றியிருக்கிறார்கள்.

நாங்கள் தங்கியது அப்படி மாற்றிய சின்ன இடம் ஒன்றில். பெயர் வேண்டாம், ஆனால் குறைகளைச் சொல்லாமல் விட முடியாது. முழங்கால் வலி உள்ள ஒருவர் வருகிறார் என்று முன்பே எழுதிக் கேட்டதற்கு 'தரைத்தளம்தான்' என்று பதில் வந்தது. வந்து பார்த்தால் சந்திலிருந்து வாசலுக்கே இருபத்தாறு படி, அதுவும் ஒழுங்கில்லாத உயரத்தில், பிடித்து ஏறக் கைப்பிடி இல்லாமல். வரவேற்பை மாலை ஆறு மணிக்கே பூட்டிவிட்டார்கள், சாவி எங்கே என்று தெரியாமல் அரை மணி நேரம் குளிரில் நின்றோம், கடைசியில் எதிர்வீட்டுப் பெரியம்மா ஒருவர்தான் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லி ஆளை வரவழைத்தார். அறைக்குள் நுழைந்த பிறகு கோபம் பாதி தணிந்தது உண்மைதான். ஒரு முழத்துக்கு மேல் தடிமனான சுவர், புகையேறிக் கறுத்த பழைய அடுப்பு, கையால் நெய்த கம்பளிப் போர்வை, வெளிச்சத்தம் என்று எதுவுமே இல்லை. ஆனால் வயதானவர்களோடு வருபவர்கள் வாசல் வரை எத்தனை படி என்று எண்ணிக்கையாகவே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தரைத்தளம் என்ற சொல்லுக்கு மலையூரில் வேறு அர்த்தம்.

இப்போது நான் எழுத உட்கார்ந்ததற்கான விஷயத்துக்கு வருகிறேன். சான்டோ ஸ்டெஃபானோவிலிருந்து ரோக்கா கலாஷோவுக்கு ஒரு நடைபாதை போகிறது. வேகமாக நடப்பவர்களுக்கு ஒன்றரை மணி நேரம், அம்மாவும் நானும் உட்கார்ந்து உட்கார்ந்து போனதில் இரண்டரை மணி நேரம். ஏற்றம் மொத்தத்தில் இருநூறு மீட்டர் சொச்சம்தான், பெரும்பகுதி படிப்படியாக ஏறும் மண்பாதை. மரம் இல்லை, நிழல் இல்லை, வழியில் தண்ணீரும் கிடைக்கவில்லை. தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். செப்டம்பர் கடைசி வாரம், வெயில் இதமாகத்தான் இருந்தது, ஆனால் காற்றுக்கு ஒரு கனமான மேல்சட்டை தேவைப்பட்டது.

ஊரைத் தாண்டியதும் குட்டிக் குட்டி வயல்கள் வருகின்றன, அறுவடை முடிந்து வெறும் மண். இங்கேதான் இந்த ஊரின் பருப்பு விளைகிறது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். வயல்களுக்கு அப்பால் புல்வெளி. புல் என்றால் பச்சைக் கம்பளம் அல்ல, கோடை முடிந்து காய்ந்த, வைக்கோல் நிறப் புல், இடையிடையே வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. திரும்பிப் பார்த்தால் ஊர் மொத்தமும் அதே பாறையின் நிறத்தில் மலையோடு ஒட்டிக்கொண்டு தெரிகிறது. காரில் வந்து இறங்கினால் இந்தப் பார்வை கிடைக்காது, ஏனென்றால் சாலை வேறு பக்கமாகக் கலாஷோ ஊர் வழியே சுற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது.

பாதி வழியில் மணியோசை கேட்டது, அப்புறம் மந்தை வந்தது. முன்னூறு ஆடுகளாவது இருக்கும், கூடவே நான்கு பெரிய வெள்ளை நாய்கள். இந்த நாய்களைப் பற்றி இங்கே வரும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இவை ஆட்டை ஓட்டும் நாய்கள் அல்ல, காவல் நாய்கள். ஓநாய்கள் உண்மையிலேயே இருக்கும் மலை இது. குட்டியிலிருந்தே ஆடுகளோடு வளர்வதால் மந்தையைத் தன் வீடாக நினைத்து ஊரார், வெளியூரார் பார்க்காமல் காக்கும். சிலவற்றின் கழுத்தில் வெளிப்பக்கம் ஆணிகள் நீட்டிய இரும்புப் பட்டை இருந்தது, ஓநாய் குரல்வளையைக் கவ்வாமல் இருப்பதற்காக. ஒரு நாய் குரைத்துக்கொண்டே எங்களை நோக்கி வந்தது. நாங்கள் அப்படியே நின்றோம். ஓடக் கூடாது, கம்பை ஓங்கக் கூடாது, மந்தைக்கும் நாய்க்கும் நடுவில் போகவே கூடாது, பெரிய வட்டமாகச் சுற்றிப் போக வேண்டும். மேய்ப்பர் தூரத்திலிருந்து ஒரு குரல் கொடுத்தார், நாய் நின்றுவிட்டது. அம்மா அவரைப் பார்த்துக் கையசைத்தார், அவர் தொப்பியைத் தொட்டுக்காட்டிவிட்டு நடந்தார்.

ஒரு காலத்தில் இந்த மந்தைகள் குளிர் தொடங்கும்போது மலையை விட்டு இறங்கி, தெற்கே புலியா சமவெளி வரை நடந்தே போயின. வசந்தத்தில் அதே வழியில் திரும்பி வந்தன. போன வழிகளுக்கு டிராட்டூரோ என்று பெயர், சாலை அல்ல, 111 மீட்டர் அகலமுள்ள புல்வழி! மந்தை மேய்ந்துகொண்டே நடக்க வேண்டும் அல்லவா, அதற்குத்தான் அத்தனை அகலம். லாக்விலாவிலிருந்து ஃபோஜ்ஜா வரை போன பெரிய டிராட்டூரோவின் நீளம் 244 கிலோமீட்டர். குடும்பத்தில் ஆண்கள் பாதி வருடம் கிடையோடு வெளியூரில், பெண்கள் மலையில். 2019-இல் யுனெஸ்கோ இந்தப் பருவ மேய்ச்சல் மரபைப் பண்பாட்டுச் சொத்துப் பட்டியலில் சேர்த்தது. கம்பளி வியாபாரம் படுத்து, பலர் கடல் கடந்து பிழைக்கப் போன பிறகுதான் இந்த ஊர்கள் காலியாயின. ஆள் இல்லாததால்தான் சிமெண்ட் வீடும் வரவில்லை. நாம் ரசிக்கும் இந்த அழகு பலர் ஊரை விட்டுப் போனதால் மிஞ்சியது என்பது நடக்க நடக்க மனதில் உறைத்தது.

கடைசித் திருப்பத்தில் முதலில் கண்ணில் படுவது கோட்டை அல்ல, எண்கோண வடிவில் தனியாக நிற்கும் சாந்தா மரியா டெல்லா பியேத்தா என்ற சிறு தேவாலயம். கொள்ளைக் கூட்டம் ஒன்றை ஊரார் அடித்துத் துரத்திய இடத்தில் கட்டியதாகக் கதை சொல்கிறார்கள். சுற்றிலும் வீடு, மரம், வேலி எதுவும் இல்லாமல் மலைமுதுகில் அது நிற்கிற நிற்பு இருக்கிறதே, கோட்டையைவிட எனக்கு அதுதான் மனதில் நின்றது. அம்மா அதன் படியில் உட்கார்ந்தவர் நாற்பது நிமிடம் எழுந்திருக்கவில்லை. எதிரே கொர்னோ கிராந்தே, அப்பெனைன் மலைத்தொடரிலேயே உயரமான சிகரம், 2,912 மீட்டர்.

கோட்டை 1,460 மீட்டரில். பத்தாம் நூற்றாண்டில் ஒற்றைக் காவல் கோபுரமாகத் தொடங்கி, பிறகு அதைச் சுற்றி மதிலும் நான்கு மூலைகளில் உருளைக் கோபுரங்களும் சேர்ந்தன. அடிப்பாகத்தில் பெரிய கற்கள், மேலே போகப் போகச் சிறிய கற்கள், இதை நின்று கவனியுங்கள். பிரபுக்கள் யாரும் இங்கே குடியிருந்ததில்லை, வீரர்கள் நின்று கீழேயுள்ள நவெல்லி சமவெளியைக் கண்காணித்த இடம். போர் எதுவும் இதைத் தொட்டதே இல்லை. 1461 நிலநடுக்கம்தான் உடைத்தது. கோட்டைக்குக் கீழே ஒட்டியிருந்த குடியிருப்பை 1703 நிலநடுக்கம் மேலும் சிதைக்க, பெரும்பாலானவர்கள் கீழே கலாஷோவுக்கு இறங்கிவிட்டார்கள். 2009-ஐயும் சேர்த்துப் பார்த்தால், இங்கே படையெடுத்து வந்தது எப்போதுமே பூமிதான்.

நாங்கள் போனபோது பதினோரு மணி, காரில் வந்தவர்கள் கூட்டம் மேலே நிறைந்திருந்தது, படம் எடுக்க வரிசையே நின்றது. பன்னிரண்டரைக்கு மேல் எல்லோரும் சாப்பிட இறங்கிவிட்டார்கள், அதன் பிறகு ஒரு மணி நேரம் கிட்டத்தட்ட நாங்கள் மட்டும். கோடையின் கூட்ட நாட்களில் மேலே கார் விடுவதில்லை, கலாஷோவில் நிறுத்திவிட்டுச் சிற்றுந்தில் வர வேண்டும். சீரமைப்பு வேலையும் அவ்வப்போது நடக்கிறது, உள்ளே ஏறிப் பார்க்கத் திறந்திருக்கிறதா என்று கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே விடாவிட்டாலும் நடை வீண் இல்லை.

அடுத்த நாள் கம்போ இம்பெராத்தோரே. 27 கிலோமீட்டர் நீளமான மேட்டுச் சமவெளி, சுற்றிலும் மலைகள், நடுவில் ஒற்றைச் சாலை. இத்தாலியர்கள் இதைக் குட்டித் திபெத் என்கிறார்கள். இதற்குக் கார்தான் சரி, ஆனால் நாலைந்து இடத்தில் இறங்கிக் கொஞ்சமாவது நடந்து பாருங்கள், குதிரைகளும் மாடுகளும் சுதந்திரமாக மேயும். மறுகோடியில் 2,130 மீட்டர் உயரத்தில் முசோலினியைச் சிறை வைத்திருந்த விடுதி இருக்கிறது. 1943 செப்டம்பர் 12 அன்று ஜெர்மானியர்கள் இயந்திரமில்லாத சறுக்கு விமானங்களில் வந்திறங்கி அவரை மீட்டுக்கொண்டு போன இடம். வெளியிலிருந்து ஐந்து நிமிடம் பார்த்தோம், போதும். அங்கிருந்து கொர்னோ கிராந்தே ஏறும் பாதை தொடங்குகிறது, அது முழு நாள் வேலை, பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும். குளிர்காலத்தில் சமவெளிச் சாலையைப் பனி மூடிவிடும், அப்போது அஸ்ஸெர்ஜி பக்கத்துக் கம்பிவட ஊர்தி வழியாகத்தான் மேலே வர முடியும்.

சமவெளியில் ஃபோன்டே வெடிகா என்ற இடத்தில் இறைச்சிக்கடை இருக்கிறது, அங்கே அரோஸ்டிசினி வாங்கி, வெளியே கனன்றுகொண்டிருக்கும் நீளமான கரி அடுப்பில் நாமே சுட்டுச் சாப்பிடலாம். செம்மறி இறைச்சியைச் சிறு சதுரங்களாக நறுக்கிக் குச்சியில் கோத்தது, உப்பைத் தவிர வேறு மசாலா இல்லை. பத்துக் குச்சி வாங்கினேன், மறுபடி பத்து வாங்கினேன். கொழுப்பு உருகிச் சொட்டும்போது குச்சியைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்த குடும்பம் சைகையிலேயே கற்றுக்கொடுத்தது. அம்மா சைவம், அவருக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கிடைத்தன. இங்கே ஒரு எச்சரிக்கை: ஊர்ப் பெருமையான பெக்கொரினோ ஆட்டுப்பால் கட்டி, கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைப்பொருள் கொண்டு செய்வது. கண்டிப்பான சைவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். விஷயம் தெரிந்ததும் அம்மா அதைத் தொடவில்லை.

ஆனால் அம்மாவுக்கென்றே இந்த ஊரில் ஒன்று இருந்தது, பருப்பு. சான்டோ ஸ்டெஃபானோ பருப்பு சில மில்லிமீட்டர்தான் இருக்கும், கரும்பழுப்பு நிறம். கி.பி. 998-ஆம் ஆண்டு மடாலய ஆவணங்களிலேயே இப்பகுதிப் பருப்புச் சாகுபடி பற்றிய குறிப்பு இருக்கிறதாம். ஆயிரம் மீட்டருக்கு மேல், ஏழை மண்ணில், குறைவாகவே விளையும், அதனால் விலை சாதாரணப் பருப்பைவிடப் பல மடங்கு. ஊறவைக்கத் தேவையில்லை. முதல் நாள் இரவு உணவகத்தில் வெறும் பூண்டு, பிரிஞ்சி இலை, ஆலிவ் எண்ணெய், மேலே வறுத்த ரொட்டித் துண்டு என்று சூப்பாக வந்தது. அம்மா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, தோல் பிரியாமல் உள்ளே மட்டும் எப்படிக் குழைந்தது என்று கேட்டு, பரிமாறியவரைச் சமையலறைக்கே அனுப்பிவிட்டார். பதில் வந்தது: குளிர்ந்த நீரில் போட்டு, சின்னத் தீயில், உப்பைக் கடைசியில் சேர்க்க வேண்டும். மறுநாள் மாலை அறையில் இருந்த அடுப்பில் அப்படியே செய்து பார்த்தார், அதேபோல் வந்தது. வாங்கும்போது பையில் விளைவித்தவர் பெயரும் ஊரும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். உணவகக் கட்டணத்தில் ஆளுக்கு இரண்டு யூரோ 'கோபெர்த்தோ', அதாவது மேசையில் உட்காருவதற்கான கட்டணம், சேர்த்திருந்தார்கள், அது இத்தாலியில் வழக்கமானது, ஏமாற்று இல்லை.

கடைசி நாள் திரும்பும் வழியில் பொமினாக்கோ. அரை மணி நேரச் சுற்றுதான், விட்டுவிடாதீர்கள். வெளியே பார்த்தால் சாதாரணக் கல் கொட்டகை மாதிரி இருக்கும் சான் பெல்லெக்ரினோ வழிபாட்டுக்கூடத்தின் உள்ளே சுவர், கூரை எல்லாம் 1263-ஆம் ஆண்டு ஓவியங்கள். இயேசுவின் வாழ்க்கைக் காட்சிகளோடு, மாதத்துக்கு ஒரு ஓவியமாக ஒரு நாட்காட்டியும் தீட்டியிருக்கிறார்கள். பூட்டியிருந்தது. கதவில் ஒட்டியிருந்த எண்ணுக்கு அழைத்தோம், பத்து நிமிடத்தில் சாவியோடு ஒருவர் வந்து திறந்து, விளக்கைப் போட்டுவிட்டு அமைதியாக வெளியே நின்றார். காணிக்கையாக நாமாகக் கொடுப்பதுதான்.

கீழே நவெல்லி சமவெளியில் குங்குமப்பூ வயல்கள் இருக்கின்றன, நாங்கள் வந்தது இரண்டு மூன்று வாரம் முந்திவிட்டது. அக்டோபர் பிற்பாதியில் வந்தால் விடியுமுன் பூப்பறிப்பதைப் பார்க்கலாம். மலைப்பூக்கள் வேண்டுமென்றால் ஜூன் நல்லது. ஆகஸ்டில் இத்தாலியர்கள் எல்லோரும் விடுமுறையில் இருப்பார்கள், அறையும் கிடைக்காது, கோட்டையில் நிற்கவும் இடம் இருக்காது.

மதிப்பெண் என்று கேட்டால், ஊருக்கும் நடைபாதைக்கும் ஐந்துக்கு ஐந்து. நாங்கள் தங்கிய இடத்துக்கு மூன்று, அந்தப் படிகளுக்காகவும் ஆறு மணிப் பூட்டுக்காகவும். அம்மா இன்னும் அரைக் கிலோ பருப்பைத் திறக்காமல் வைத்திருக்கிறார், அடுத்த ஜூனில் கொர்னோ கிராந்தேயின் கீழ்ச்சரிவு வரையாவது நடக்க வேண்டும் என்று இப்போதே முழங்கால் பட்டை வாங்கிப் போட்டு நடந்து பழகிக்கொண்டிருக்கிறார்.